மானா கிராமம்: பத்ரிநாத் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்ரிநாத் போகிற தமிழ் யாத்திரைக் குழுக்களில் பெரும்பாலானவை மானாவுக்கு ஒதுக்குவது ஒரு மணி நேரம்தான். வண்டியை விட்டு இறங்கி, பெயர்ப் பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்கினால்தான் இந்த ஊர் பிடிபடும். கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கீழே.

மானா எங்கே இருக்கிறது? அங்கிருந்து சீன எல்லை தெரியுமா?

உத்தரகாண்ட் மாநிலம், சமோலி மாவட்டம். பத்ரிநாத்துக்கு வடக்கே 3 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர். பஞ்சாபின் ஃபாசில்காவில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 7 இங்கே வந்து முடிகிறது. அலக்நந்தாவும், மானா கணவாய்ப் பக்கமிருந்து இறங்கி வரும் சரஸ்வதியும் ஊருக்குக் கீழே சந்திக்கின்றன. அந்தக் கூடுதுறைக்குக் கேசவப் பிரயாகை என்று பெயர்.

எல்லை தெரியாது. இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவில் உள்ள மானா கணவாய் 5,600 மீட்டர் உயரத்தில், ஊரிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. “அந்த மலைக்குப் பின்னால்தான் சைனா” என்று டிரைவர்கள் கை காட்டும் மலைக்குப் பின்னாலும் இந்திய மலைகள்தான் இருக்கின்றன.

கடைசி கிராமமா, முதல் கிராமமா? பலகையில் ஏன் மாற்றினார்கள்?

பல ஆண்டுகளாக “இந்தியாவின் கடைசி கிராமம்” என்றுதான் எழுதியிருந்தது. 2022 அக்டோபரில் பிரதமர் மானாவுக்கு வந்தபோது, எல்லைக் கிராமங்களை முதல் கிராமங்கள் என்று சொல்ல வேண்டும் என்று பேசினார். 2023 ஏப்ரலில் எல்லைச் சாலைகள் அமைப்பு “இந்தியாவின் முதல் கிராமம்” என்ற பலகையை வைத்தது. எல்லைக் கிராமங்களுக்கான துடிப்பான கிராமங்கள் திட்டத்துக்கும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ரூ. 4,800 கோடி ஒதுக்கீடு, முதல் கட்டத்தில் 662 கிராமங்கள்.

டீக்கடைகளும் பலகையை மாற்றிவிட்டன. சில கடைகளில் இரண்டு பெயரும் தொங்கும். இந்தப் பட்டத்துக்கு மானா மட்டும் உரிமை கொண்டாடவும் முடியாது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் நீதி, ஹிமாசலில் சித்குல் என்று சாலை முடியும் ஊர்கள் பலவும் இதே பெயரைச் சொல்லிக்கொள்கின்றன.

மானா போக தனி அனுமதி வேண்டுமா? இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் போகலாமா?

ஊர் வரைக்கும், பீமன் பாலம், வசுதாரா அருவி வரைக்கும் தனி எல்லை அனுமதி கேட்பதில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் பத்ரிநாத்தையும் மானாவையும் பார்க்கலாம். அசல் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கையில் வைத்திருக்க வேண்டும். போனில் உள்ள படத்தைக் காட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

ஊரைத் தாண்டி மானா கணவாய்ச் சாலையில் போவது வேறு விஷயம். அது உள்கோட்டுப் பகுதி (இன்னர் லைன்), அதாவது எல்லையோரக் கட்டுப்பாட்டுப் பகுதி. இந்தியக் குடிமக்களானாலும் ஜோஷிமட் உபகோட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் சம்மதிக்க வேண்டும். வாடகை வண்டிக்காரர் “பேசிப் பார்க்கலாம்” என்று சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

யாத்திரைப் பதிவு கட்டாயமா? மானா மட்டும் போகிறோம் என்றால்?

கட்டாயம். மானாவுக்கென்று தனிப் பதிவு கிடையாது, பத்ரிநாத்துக்கு எடுத்தாலே போதும். உத்தரகாண்ட் சுற்றுலாத் துறையின் இணையதளத்திலோ செயலியிலோ கைப்பேசி எண் கொடுத்துக் கணக்கைத் தொடங்கி, பயணத் திட்டம், ஆட்களின் விவரம், அவசரத்துக்கு ஒருவருடைய எண், எந்தத் தலத்துக்கு எந்தத் தேதி என்று வரிசையாக நிரப்பினால் கியூஆர் குறியீடு உள்ள கடிதம் வரும். கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அவர் இடைத்தரகர். உதவி எண் 1364.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். குழுத் தலைவர் பதிவில் இனிஷியல் மட்டும் போட்டிருப்பார். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் நிரப்புங்கள். அடுத்தது தேதி. மே, ஜூன் மாதங்களுக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரயில் டிக்கெட் எடுத்த கையோடு பதிவையும் முடித்துவிடுங்கள். ஹரித்வாரிலும் ரிஷிகேஷிலும் நேரடிக் கவுண்டர்கள் உண்டு என்றாலும், கூட்ட நாளில் அதை மட்டும் நம்பிப் போனால் ஒரு நாள் வீணாகலாம்.

கடிதத்தைத் தாளில் அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். குழுவில் எல்லாருடைய கடிதமும் ஒருவர் போனில் இருந்து, அந்தப் போன் குளிரில் அணைந்து போனால், சோதனைச் சாவடியில் வண்டி முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது? எத்தனை நாள் வேண்டும்?

டெல்லி வரை ரயிலோ விமானமோ. அங்கிருந்து ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ். விமானத்தில் நேரே டேராடூன் ஜாலி கிராண்ட் வரைக்கும் போகலாம், அங்கிருந்து ரிஷிகேஷ் பக்கம்தான். மலைச் சாலை ரிஷிகேஷில் தொடங்குகிறது. தேவப்பிரயாகை, ஸ்ரீநகர் (காஷ்மீரில் உள்ளது அல்ல, கட்வால் ஸ்ரீநகர்), ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை, சமோலி, பீப்பல்கோட்டி, ஜோஷிமட், கோவிந்த்காட், பாண்டுகேஷ்வர், ஹனுமான் சட்டி, பத்ரிநாத். மொத்தம் ஏறத்தாழ 295 கிலோமீட்டர். ஜோஷிமட்டின் அதிகாரப்பூர்வப் பெயர் 2024 முதல் ஜோதிர்மட். பலகைகளில் இரண்டையும் பார்க்கலாம்.

பஸ்கள் ரிஷிகேஷிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, சாலை திறந்திருந்தால் மாலைக்குள் பத்ரி சேர்ந்துவிடும். காரில் 10 முதல் 12 மணி நேரம். ஒரே நாளில் போய்விடலாம் என்றாலும் போகாமல் இருப்பது நல்லது. காரணம் கீழே மூச்சுத் திணறல் பற்றிய கேள்வியில் இருக்கிறது. ரிஷிகேஷிலிருந்து ரிஷிகேஷ் வரை குறைந்தது 4 நாள்: முதல் நாள் பீப்பல்கோட்டி அல்லது ஜோஷிமட், இரண்டாம் நாள் பத்ரி தரிசனம், மூன்றாம் நாள் காலை மானா, பிறகு கீழே இறங்கத் தொடங்கி நான்காம் நாள் ரிஷிகேஷ். வசுதாராவும் போவதென்றால் இன்னும் ஒரு நாள். மழைக்காலத்தில் சாலை அடைபட்டால் காத்திருக்க மேலும் ஒரு நாள். ஊர் திரும்பும் ரயிலை ரிஷிகேஷ் வந்து சேரும் அன்றைக்கே எடுக்காதீர்கள்.

வைணவர்களுக்கு இந்தச் சாலையிலேயே மூன்று திவ்ய தேசங்கள் வருகின்றன. கண்டமென்னும் கடிநகர் எனப்படும் தேவப்பிரயாகை ரகுநாதர் கோயில், திருப்பிரிதி என்று பெரும்பாலோர் கொள்ளும் ஜோஷிமட் நரசிம்மர் கோயில், திருமங்கையாழ்வார் பாடிய வதரி, அதாவது பத்ரிநாத். முதல் இரண்டையும் பஸ் ஓட்டத்தில் தவறவிட்டு ஊர் திரும்பி வருத்தப்படுபவர்கள் நிறைய. டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லி வையுங்கள். தேவப்பிரயாகையில் சாலையிலிருந்து இறங்கி, பாலம் கடந்து, படியேறிப் போக வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

சாலை எங்கே அடைபடும்? அடைபட்டால் என்ன செய்வது?

ஜூலை, ஆகஸ்டில் எங்கு வேண்டுமானாலும் சரியும். ஆனால் டிரைவர்கள் பெயர் சொல்லிப் பயப்படும் இடங்கள் சில உண்டு: ஸ்ரீநகருக்கும் ருத்ரப்பிரயாகைக்கும் நடுவில் சிரோபகட், பீப்பல்கோட்டிக்கு மேலே பாகல் நாலா, பாண்டுகேஷ்வர் தாண்டி லாம்பகட். பாகல் நாலா என்றால் பைத்தியக்கார ஓடை. வெயில் அடிக்கும் நாளிலும் மேலே மலையில் பெய்த மழைக்குச் சேறும் கல்லுமாக இறங்கி வரும்.

சிறிய சரிவு என்றால் மண் அள்ளும் இயந்திரம் சில மணி நேரத்தில் வழி திறந்துவிடும், பெரியது என்றால் நாள் கணக்கில் ஆகும். வண்டியைச் சரிவுக்கு நேர் கீழேயோ, ஓடைப் படுகையிலோ நிறுத்தவிடாதீர்கள். வரிசையில் முன்னே போக வேண்டும் என்று எதிர்த்தடத்தில் ஏற்றி நிறுத்துவதால்தான், வழி திறந்த பிறகும் இரண்டு மணி நேரம் யாரும் நகர முடியாமல் போகிறது. சரிவைக் கால்நடையாகக் கடந்து அந்தப் பக்கம் வேறு ஜீப் பிடிக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். மேலிருந்து கல் உருண்டுகொண்டிருக்கும்போது அது வேண்டாத வேலை. மலைச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. இருட்டும் முன் தங்கும் ஊரை அடைந்துவிடும்படி திட்டமிடுங்கள். பையில் ஒரு நாளுக்கான மாத்திரை, பிஸ்கட், தண்ணீர், கம்பளித் துணி ஆகியவை வண்டியின் கூரை மேல் கட்டாமல் மடியில் இருக்கட்டும்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை. மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டது போல இருக்கும், கூட்டமும் குறைவு. மே, ஜூனில் கூட்டம் நெரியும். மே முதல் வாரங்களில் ஊருக்கு மேலே பனி இன்னும் கிடக்கும். குகைகளையும் பாலத்தையும் பார்த்துவிடலாம், வசுதாரா பாதை அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அக்டோபர் கடைசியில் இரவில் குழாய்த் தண்ணீர் உறையத் தொடங்கும். விடுதிகள் ஒவ்வொன்றாக மூடும்.

பத்ரிநாத் நடை திறக்கும் நாளை வசந்த பஞ்சமியன்றும், சாத்தும் நாளை விஜயதசமியன்றும் அறிவிப்பார்கள். 2025இல் மே 4 திறந்து நவம்பர் 25 சாத்தினார்கள். ஊரின் பருவமும் கிட்டத்தட்ட அதுதான்.

குளிர்காலத்தில் ஊரில் யார் இருப்பார்கள்?

ஊர்க்காரர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். கோயில் நடை சாத்தும் காலத்தை ஒட்டி வீடுகளைப் பூட்டிக்கொண்டு, ஆடு மாடுகளோடு கோபேஷ்வர் சுற்றுவட்டாரத்தில் உள்ள தங்கள் கீழ்க் கிராமங்களுக்குப் போய்விடுவார்கள். ஆக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு ஊர், இரண்டு வீடு. சித்திரை, வைகாசியில் திரும்பி வந்து, பனி அழுத்திய கூரையைச் சரிசெய்துவிட்டு, விதைப்பைத் தொடங்குவார்கள்.

படையினரும், சாலைப் பனியை அகற்றும் தொழிலாளர்களும் மட்டும் மேலே இருப்பார்கள். அது எவ்வளவு ஆபத்தான வேலை என்பது 2025 பிப்ரவரி 28 அன்று தெரிந்தது. மானாவுக்கும் பத்ரிநாத்துக்கும் இடையே இருந்த எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாம் மேல் பனிச்சரிவு விழுந்து 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள். 46 பேரை உயிரோடு மீட்டார்கள், 8 பேர் இறந்துவிட்டார்கள்.

“குளிர்காலத்தில் பனி பார்க்க மானா போகலாமா” என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

ஊர் மக்கள் யார்?

போட்டியா பழங்குடியினர். இந்தப் பள்ளத்தாக்கில் உள்ளவர்களை மார்ச்சா என்றும், பொதுவாக ரோங்பா என்றும் சொல்வார்கள். வீட்டுக்குள் ரோங்போ மொழி, வெளியே கட்வாலியும் இந்தியும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1,200.

1962 போர் வரைக்கும் இவர்கள் திபெத்தோடு வியாபாரம் செய்தவர்கள். இங்கிருந்து தானியம், வெல்லம், துணி. அங்கிருந்து உப்பு, வெண்காரம், கம்பளி. செம்மறி ஆட்டின் முதுகில் இரு பக்கமும் சிறு பைகள் கட்டி, மந்தை மந்தையாகக் கணவாய் தாண்டினார்கள். 1624இல் போர்ச்சுகல் பாதிரியார் அந்தோனியோ டி அந்த்ராட் திபெத்துக்குப் போனதும் இந்த மானா கணவாய் வழியாகத்தான். போருக்குப் பின் கணவாய் மூடப்பட்டது. அதன் பிறகு உருளைக்கிழங்கு, பாப்பரை எனப்படும் மலைத் தானியம், கம்பளி நெசவு, அரசு வேலை, யாத்திரிகர்கள் என்று பிழைப்பு மாறியது.

பத்ரிநாத் கோயிலில் இவர்களுக்கு ஓர் உரிமை உண்டு. நடை சாத்தும் நாளில் பெருமாளுக்குப் போர்த்தும் கம்பளத்தை மானாவின் மணமாகாத பெண்கள் நெய்து கொடுக்கிறார்கள். அதில் நெய் தடவிச் சாத்திவிட்டுக் கதவை மூடுவார்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது நெய் காயாமல் இருந்தால் நல்ல ஆண்டு என்பது நம்பிக்கை. ஊரின் காவல் தெய்வம் கண்டாகர்ணன். கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது? எதை முதலில் பார்ப்பது?

வண்டி ஊர் வாசல் வரைதான். உள்ளே நடைபாதை. கல் வீடுகளுக்கு நடுவே ஏறும் பாதையில் முதலில் கணேச குகை, சற்று மேலே வியாச குகை. பிறகு இறங்கி வந்தால் சரஸ்வதி மேல் பீமன் பாலம். இந்த வரிசையில் போனால் ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடும். பலர் தலைகீழாகப் பாலத்துக்கு முதலில் ஓடிவிட்டு, மூச்சு வாங்கியபின் குகையை விட்டுவிடுகிறார்கள். நிதானமாக நடந்தால் மொத்தம் இரண்டு மணி நேரம்.

வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் பாரதம் எழுதிய இடம் என்பது தல வரலாறு. வியாச குகையின் மேலே உள்ள பாறையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஏடுகளை அடுக்கி வைத்தாற்போல மெல்லிய படுகை படுகையாக இருக்கும். அதை வியாசரின் சுவடி என்கிறார்கள். குகைக்குள் மேற்பாறை தாழ்வு. குனிந்து போக வேண்டும், நிமிரும்போது தலை இடிக்கும்.

பீமன் பாலம் என்பது இடுக்கின் குறுக்கே விழுந்து கிடக்கும் ஒரே பெரும் பாறை. சொர்க்கம் போகும் வழியில் திரௌபதி ஆற்றைக் கடக்க பீமன் போட்டது என்பார்கள். கீழே சரஸ்வதி பாறையைப் பிளந்துகொண்டு கொட்டுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சாரலில் கல் எப்போதும் ஈரம். கம்பித் தடுப்பைத் தாண்டி செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். குழந்தைகளை இங்கே கூப்பிட்டு நிறுத்துவது நடக்காது, கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பத்ரிநாத்தில் மதியம் நடை சாத்தியதும் எல்லாக் குழுவும் மானாவுக்குப் புறப்படும். அந்த மூன்று மணி நேரம் நடைபாதை நகராது. காலை 7 மணிக்கு ஊர் வாசலில் இருந்தால், கதவு திறந்து, பாத்திரம் கழுவி, திண்ணையில் தறியை விரிக்கிற ஊரைப் பார்க்கலாம்.

முட்டி வலி உள்ள பெரியவர்கள் வரலாமா?

வரலாம், குகை வரைக்கும் யோசித்து. படிகள் உயரம் ஒரே அளவில் இல்லை. ஊர் வாசலிலேயே முதுகுக் கூடையில் தூக்கிச் செல்பவர்கள் இருப்பார்கள். கண்டி என்று பெயர். எங்கெங்கே போய்வர வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், போகவும் வரவும் சேர்த்துத் தொகை என்ன என்பதை ஏறும் முன்னே பேசிக்கொள்ளுங்கள். பாதி வழியில் பேரம் பேசுவது இருவருக்கும் சங்கடம். கம்பு ஒன்று இருந்தால் இறக்கத்தில் நிறைய உதவும்.

மூச்சுத் திணறுமா? மாத்திரை போட வேண்டுமா?

3,200 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ரிஷிகேஷ் 400 மீட்டருக்கும் கீழே. காலையில் அங்கே கிளம்பி இரவு பத்ரியில் படுத்தால் உடம்புக்குப் பழக நேரமே இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் அந்த முதல் இரவில்தான் வரும். வழியில் ஒரு இரவு ஜோஷிமட்டில் (ஏறத்தாழ 1,900 மீட்டர்) தங்கினால் பெரும்பாலோருக்கு இது வராது.

வந்த அன்றே ஓடியாட வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தூக்க மாத்திரை கூடாது, மது கூடாது. உயரத்தால் வரும் இந்த உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாகப் போடக்கூடாது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்கு வராத ரத்த அழுத்தம் இருந்தால் கிளம்பும் முன் பரிசோதனை அவசியம்.

எப்போது பயப்பட வேண்டும்? உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பு, விடாத இருமல், தள்ளாடும் நடை, குழறும் பேச்சு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கற்பூரத்தை முகர வைப்பதும் கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவும் சிகிச்சை ஆகாது. பத்ரியில் உள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, ஜோஷிமட்டுக்கு இறங்குங்கள். ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112.

வசுதாரா அருவிக்குப் போய்வர முடியுமா?

நடந்து பழகியவர்களுக்கு முடியும். மானாவிலிருந்து 5 கிலோமீட்டர், திரும்பவும் 5. பீமன் பாலத்தைத் தாண்டி பாதை தொடங்குகிறது. முதல் பகுதி கல் பாவியது, மெதுவான ஏற்றம், பிறகு கற்குவியல். ஏற 3 மணி நேரம், இறங்க 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழல் இல்லை, மரமில்லை. பாலம் தாண்டியபின் கடையை நம்பாதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், உலர் பழம், சப்பாத்தி, தொப்பி, மழைச் சட்டை வேண்டும். மே, ஜூனில் ஓடைகளின் மேல் பனி மூடியிருக்கும். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் தண்ணீர் அரித்துக் கூடாக இருக்கும். நேற்று ஆள் நடந்த தடத்தில் மட்டும் கால் வையுங்கள்.

காலை 7 மணிக்கு மானாவை விட்டால்தான் நல்லது. மதியத்துக்கு மேல் காற்று எழும், மேகம் இறங்கும். பாவம் செய்தவர்கள் மேல் இந்த அருவி படாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. 120 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மெல்லிய நீர் பாதியிலேயே சாரலாகிவிடும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நிற்பவர்தான் நனைவார். காற்றில்லாத காலை வேளையில் போனால் எல்லாரும் புண்ணியவான்கள்தான்.

அதற்கும் மேலே சதோபந்த் ஏரி?

அது யாத்திரை அல்ல, மலையேற்றம். 4,600 மீட்டர், லட்சுமி வனம், சக்கரதீர்த்தம் வழியாகப் போய்வர 4 முதல் 5 நாள். கூடாரம், வழிகாட்டி, சுமைக்காரர், வனத்துறை மற்றும் ஜோஷிமட் நிர்வாகத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். பத்ரிக்கு வந்தபின் மனம் மாறிக் கிளம்புகிற இடம் இல்லை.

கம்பளி வாங்கலாமா? கையால் நெய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாங்கலாம், ஊருக்கு நேரடியாக வருமானம் போவது இதில்தான். பங்கி என்பது மெல்லிய கம்பளிச் சால்வை. துல்மா என்பது முரட்டு மயிர் நிற்கும் கனத்த போர்வை. தரைவிரிப்பு, தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் திண்ணையிலேயே பின்னி விற்பார்கள்.

ஆனால் அதே திண்ணையில் பக்கத்திலேயே ஆலையில் செய்த அக்ரிலிக் தொப்பியும் கிடக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூல் பிரித்துத் தரச் சொல்லி நெருப்பில் காட்டுங்கள். ஆட்டுக் கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக ஒட்டிக்கொள்ளும். கை நெசவில் சால்வையின் ஓரம் நேர்கோடாக இருக்காது. உள்ளங்கையில் தேய்த்தால் லேசாகக் குத்தும், ஆட்டு வாடை இருக்கும். “மிருதுவாக இருக்கிறது, அதனால் சுத்தக் கம்பளி” என்று சொன்னால் நம்ப வேண்டாம். விலையை அடித்துப் பேசும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு சால்வைக்குக் கம்பளி வெட்டி, கழுவி, சிக்கெடுத்து, தக்கிளியில் நூற்று, பிறகுதான் தறிக்குப் போகிறது. வீட்டில் துவைப்பதானால் குளிர்ந்த நீர், ஷாம்பு, பிழியக் கூடாது, விரித்து நிழலில் காய வைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் சுருங்கிவிடும்.

மூலிகைகள் விற்கிறார்களே?

ஃபரண் என்ற காய்ந்த வெங்காய இனத் தாளிப்பு இலையைத் தாராளமாக வாங்கலாம். பருப்பு ரசத்துக்கு நெய்யில் ஒரு சிட்டிகை பொரித்துப் போட்டால் பெருங்காயம் தேவைப்படாது. மலைச் சீரகம், ராஜ்மா, புராஞ்சு எனப்படும் மலைப் பூவின் சிவப்புச் சாறு இவையும் நல்லவை. ஜடாமாஞ்சி, குட்கி வேர்களை வாங்காதீர்கள். காட்டில் அருகிவரும் செடிகள் அவை. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால் வெளிநாடு திரும்புபவர்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

சாப்பாடு கிடைக்குமா? எங்கள் குழு சமையல்காரரோடு வருகிறது.

மானாவில் டீ, மேகி, ரொட்டி, ராஜ்மா, சோறு கிடைக்கும். பத்ரியில் தோசைகூட உண்டு. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம். அசைவமும் மதுவும் பத்ரி எல்லைக்குள் கூடாது.

சமையல்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய செய்தி: இந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அண்டாவில் வடித்தால் சோறு வேக ஊரைவிட அதிக நேரமாகும், பருப்பு எளிதில் வேகாது. பெரிய குக்கர் கட்டாயம். குக்கருக்குள்ளும் ஊரைவிட வெப்பம் சில டிகிரி குறைவுதான் என்பதால் சோற்றுக்கு ஓரிரண்டு விசில், பருப்புக்கு மூன்று நான்கு விசில் கூடுதலாக விட வேண்டும். பருப்பை முந்தின இரவே வெந்நீரில் ஊறப்போடுங்கள். இட்லி மாவு குளிரில் பொங்காது. ரவா உப்புமா, சேமியா, பொங்கல் என்று திட்டமிடுவது புத்திசாலித்தனம். காலையில் சிலிண்டர் குளிர்ந்து போய் தீ சிறுத்து எரியும். இரவில் அதை வெட்டவெளியில் போடாதீர்கள். நெருப்பில் காட்டிச் சூடேற்றவும் கூடாது. வெதுவெதுப்பான ஈரச் சாக்கைச் சுற்றினால் போதும்.

மானாவிலேயே தங்க முடியுமா?

சில வீடுகளில் அறை தருகிறார்கள். கட்டில், ரஜாய் எனப்படும் கனத்த பஞ்சுப் போர்வை, வாளியில் வெந்நீர் அவ்வளவுதான் வசதி. இணையத்தில் எல்லா வீடுகளும் இருக்காது, நேரில் கேட்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் உள்ள குழு என்றால் பத்ரியில் தங்குவது நல்லது. அறையில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். மூடிய அறையில் அது உயிரை எடுத்துவிடும்.

போன், பணம், ட்ரோன்?

ஜம்மு காஷ்மீர், லடாக் போல இங்கே வெளிமாநில ப்ரீபெய்டு சிம்முக்குத் தடை இல்லை. பத்ரியில் சிக்னல் உண்டு, மானாவில் விட்டு விட்டு வரும், வசுதாரா பாதையில் எதிர்பார்க்காதீர்கள். யுபிஐ நம்பி வெறுங்கையோடு போகக் கூடாது. ஆளுக்கு மூவாயிரம் ரூபாயாவது சில்லறையாக வைத்திருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

ட்ரோனை ஊரிலேயே விட்டுவிடுங்கள். எல்லையிலிருந்து 25 கிலோமீட்டர் வரை பறக்கத் தடை உள்ள பகுதி, தவிர இங்கே எங்கு பறக்கவிட்டாலும் படையினர் வந்து கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கையடக்கச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி கொண்டுவரக் கூடாது. இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். மலையேறுபவர்கள் பலர் இது தெரியாமல் கைதாகியிருக்கிறார்கள்.

படம் எடுக்கலாமா?

ஆறு, மலை, குகை வாசல் தாராளமாக. முகாம், ராணுவ வண்டி, பாலத்தில் நிற்கும் காவலர் கூடாது. தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். “தீதி (அக்கா), போட்டோ?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், முதியவர்கள் சிலர் கையை அசைத்து வேண்டாம் என்பார்கள். திண்ணைகளும் மாடிப்படிகளும் வீட்டைச் சேர்ந்தவை; மர வேலைப்பாடு அழகாக இருக்கிறதென்று ஏறி நின்றுவிடக் கூடாது. காய வைத்திருக்கும் தானியத்தைத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போங்கள். பிஸ்கட் உறையும் தண்ணீர் பாட்டிலும் உங்கள் வண்டியிலேயே கீழே இறங்கட்டும். பனி மூடுவதற்குள் ஊர்க்காரர்கள் மூட்டை கட்டும்போது, நாம் போட்ட குப்பையையும் சேர்த்துக் கட்ட வேண்டியதாகிவிடும்.